ஏழு கிலோ பையும் மூன்று பருவமும்: ஆறு வருடம் உடுத்திப் பார்த்ததில் தெரிந்தது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை எனக்கு. வருடத்துக்கு இரண்டு தடவையாவது பஞ்சாபில் இருக்கும் லூதியானா போக வேண்டி வரும். பருத்திப் பின்னலாடைக்கு நாம் என்றால், கம்பளிப் பின்னலாடைக்கு அவர்கள். 2018 டிசம்பரில் முதல் தடவை போனது ரயிலில். ராத்திரி திருப்பூரில் ஏறும்போது சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. மறுநாள் ஆந்திரா முழுக்க ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து வந்தேன். நாக்பூர் தாண்டியதும் யாரும் சொல்லாமலே எல்லோரும் ஜன்னலை இறக்கினார்கள். அடுத்த நாள் காலையில் குவாலியர் பக்கம் வெளியே பார்த்தால் வயல், மரம் எதுவும் இல்லை, வெறும் பனிமூட்டம்.

அந்தப் பயணத்துக்கு அப்பாவின் பழைய ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். முக்கால் கிலோ இருக்கும். பையில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது. போட்டால் கம்பார்ட்மென்டுக்குள் புழுக்கம், கழற்றினால் நடுக்கம். லூதியானா ஸ்டேஷனில் இறங்கியதும் பின்னலின் ஒவ்வொரு கண் வழியாகவும் காற்று உள்ளே வந்தது. பின்னலாடையில் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அப்போதிருந்து வாங்கியது, கெடுத்தது, தூக்கிப் போட்டது, இன்னமும் உடுத்துவது எல்லாம் சேர்ந்த கதைதான் இது. விமானத்தில் கையோடு கொண்டுபோக விடுவது 7 கிலோ. அதற்குள் எல்லாப் பருவத்துக்கும் துணி அடங்க வேண்டும் என்பதுதான் நான் எனக்குப் போட்டுக்கொண்ட கணக்கு.

முதலில் வாங்கியது மெரினோ டி-ஷர்ட், அதாவது மெல்லிய ஆட்டுக் கம்பளியில் பின்னியது, இரண்டு. 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 150 கிராம்), அதாவது நாம் சாதாரணமாகப் போடும் 180 ஜிஎஸ்எம் பருத்தி டி-ஷர்ட்டைவிட மெல்லிசு. விலை மட்டும் ஐந்து மடங்கு. பார்சலைப் பிரித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏங்கண்ணு, பனியன் ஊர்ல இருந்துக்கிட்டு பனியனையா காசு குடுத்து வரவழைக்கற?" பதில் சொல்ல முடியவில்லை. ஆறு வருடம் கழித்து இப்போது சொல்லலாம்: குளிர் ஊரில் உடம்பை ஒட்டிப் போட பருத்தி லாயக்கில்லை. எனக்குச் சோறு போடுகிற துணியைப் பற்றி இப்படி எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் நிஜம்.

காரணம் எங்கள் தொழிலிலேயே இருக்கிறது. நூலை எடை போட்டு விற்கும்போது இயல்பாக இருக்கும் ஈரத்துக்கென்று பருத்திக்கு எட்டரை சதவீதம், கம்பளிக்குச் சுமார் 16 சதவீதம் என்று கணக்கில் சேர்ப்பார்கள். பாலியஸ்டருக்கு அரை சதவீதம்கூட வராது. கம்பளி இழை வியர்வையை ஆவியாக இருக்கும்போதே உள்ளே வாங்கிக்கொள்கிறது. வெளிப்பக்கம் சொதசொதவென்று ஆவதில்லை. பருத்தியோ தண்ணீராக ஆன பிறகு உறிஞ்சி, அப்படியே உடம்போடு ஒட்டிக்கொள்ளும். திருப்பூர் வெயிலில் அது சுகம். லூதியானாவில் ஓவர்பிரிட்ஜ் ஏறி வியர்த்துவிட்டு மறுபக்கம் இறங்கி நின்றால், முதுகில் ஈரத்துண்டைப் போட்டதுபோல் இருக்கும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

ஒரு ஜனவரி ராத்திரி லாட்ஜில் சோதித்தே பார்த்தேன். பருத்தி, மெரினோ, பாலியஸ்டர் மூன்று டி-ஷர்ட்டையும் ஒன்றாக நனைத்து, ஒரே மாதிரி பிழிந்து, துண்டில் சுருட்டி மிதித்து, பாத்ரூம் கம்பியில் வரிசையாகப் போட்டேன். காலை ஆறு மணிக்குப் பாலியஸ்டர் காய்ந்திருந்தது. மெரினோவில் கழுத்துப் பட்டியிலும் அக்குள் தையலிலும் மட்டும் லேசான ஈரம். அப்படியே போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பருத்தியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஊருக்கே கொண்டுவந்தேன். சீக்கிரம் காய்வதில் பாலியஸ்டர்தான் முதல். ஆனால் ஒரு நாள் போட்டாலே பக்கத்தில் உட்காருகிறவருக்கு நம்மேல் பிரியம் குறைந்துவிடும். மெரினோவை நான்கு நாள் துவைக்காமல் போட்டிருக்கிறேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்தும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. வாங்கிய இரண்டில் ஒன்று 2020-ல் போய்விட்டது. நான் ஊரில் இல்லாத நாளில், வீட்டுத் துணியோடு சேர்ந்து வாஷிங் மெஷினில் வெந்நீரில் சுற்றியது. கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல் அடுக்கு இருக்கும். சூட்டிலும் குலுக்கலிலும் ஒன்றோடொன்று மாட்டி இறுகிவிடும், பிறகு பிரியாது. எனக்கு எல் சைஸாக இருந்தது அக்கா மகனுக்கு, அப்போது ஒன்பது வயது, கச்சிதமாகப் பொருந்தியது. இன்னொன்றைப் பூச்சி அரித்தது. பீரோவில் மடித்து வைத்ததை எட்டு மாதம் கழித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், இடுப்புப் பக்கம் கடுகளவில் ஏழெட்டு ஓட்டை. நிறம் பொருந்தாத நூலில் நானே இழை கோத்து அடைத்தேன். இப்போது வசம்புத் துண்டோடு ஜிப் உள்ள கவரில் வைக்கிறேன். அதற்குப் பிறகு புது ஓட்டை இல்லை.

அடுத்தது தெர்மல், உடம்பை ஒட்டி உள்ளே போடுகிற குளிர் உடுப்பு. குளிர் ஊர் என்றதும் நம் ஊரில் எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான். என்னைக் கேட்டால் கடைசியில் வாங்க வேண்டியது. கதகதப்பு தராது என்பதில்லை, நன்றாகவே தரும். ஆனால் நினைத்த இடத்தில் கழற்ற முடியாது. லூதியானாவில் வெளியே ஆறு டிகிரி. பார்ட்டியின் ஆபீஸுக்குள் போனால் ஹீட்டர் ஓடும், கூடவே கொதிக்கக் கொதிக்க டீ. பேண்ட்டுக்குள் தெர்மல் போட்டவன் அங்கே விலை பேசும்போது நெளிவதைப் பார்க்க வேண்டும். நான் நெளிந்திருக்கிறேன். அதனால் மாறுகிற குளிருக்கு எடுத்துவைக்கும் துணி, நாலு பேர் முன்னால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இப்போது மெரினோவுக்கு மேல் முழுக்கை சட்டை, அதற்கு மேல் முன்பக்கம் முழுக்க ஜிப் வைத்த மெல்லிய ஃப்ளீஸ் (பொசுபொசுவென்ற பாலியஸ்டர் மேலாடை), அதற்கும் மேல் காற்றைத் தடுக்க ஒரு ஜாக்கெட். மூன்று மெல்லிசு துணிகளுக்கு நடுவே நிற்கிற காற்றுதான் கதகதப்பு தருகிறது. மொத்தம் சேர்த்தாலும் அப்பாவின் ஸ்வெட்டரைவிட ஒரு கால் கிலோதான் அதிகம், ஆனால் தேவைக்கு ஒவ்வொன்றாக உரிக்கலாம்.

இந்த ஏற்பாடு ஒழுங்காகப் பரீட்சை எழுதியது 2022 ஜூனில், லடாக்கில் லே போனபோது. டெல்லியில் 43 டிகிரியில் விமானம் ஏறி, ஒன்றேகால் மணி நேரத்தில், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் இறங்கினோம். படியில் கால் வைத்ததும் காதில் குளிர் அறைந்தது. இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு கர்துங் லா, 5,359 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, லேயிலிருந்து கணவாய்க்குப் பன்னிரண்டு டிகிரி குறைய வேண்டும். குறைந்தது. கூடவே காற்று. கையில் இருந்த நாலையும் போட்டு ஜிப்பைத் தாடைவரை இழுத்துவிட்டு, சாலையோரப் பனியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். மதியம் மறுபக்கம் இறங்கி நூப்ராவில் ஹுண்டர் மணல்மேட்டுக்கு வந்தபோது, இரட்டைத் திமில் ஒட்டகத்துக்கு முன்னால் வெறும் டி-ஷர்ட்டோடு நின்றேன். கூட வந்த நண்பர் ஒரு தடித்த லெதர் ஜாக்கெட்டும் உள்ளே தெர்மலுமாக வந்திருந்தார். ஜாக்கெட்டைக் கையில் சுமந்தார், தெர்மலுக்கு வழியில்லை.

டவுன் ஜாக்கெட் ஒன்று வாங்கினேன், வாத்து இறகு அடைத்தது. சுருட்டினால் ஒரு சொம்பளவுதான். காய்ந்த குளிருக்கு அதற்கு இணை இல்லை. ஆனால் அதை நவம்பரில் கோத்தகிரிக்கு எடுத்துப் போனது என் புத்தி. திருப்பூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மூன்று மணி நேரத்தில் ஏறிவிடுகிற மலைதானே என்ற அலட்சியம். வடகிழக்குப் பருவமழைக் காலம், நான் போன அன்று நாள் முழுக்க நசநசவென்று தூறியது. இறகு நனைந்ததும் உப்பல் போய் உள்ளே சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டது. கோழிப் பண்ணை வாசனை வேறு. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நிழலில் போட்டு, உருண்டைகளை விரலால் ஒவ்வொன்றாக உதிர்த்தேன். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களுக்குச் செயற்கைப் பஞ்சு அடைத்ததே போதும். கொஞ்சம் கனம்தான், நனைந்தாலும் மானத்தை வாங்காது.

மழை ஜாக்கெட்தான் பெரிய ஏமாற்றம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. முதல் மூன்று வருடம் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நான்காம் வருடம் ஆபீஸில் ஜாக்கெட்டைக் கழற்றியபோது எதிரே இருந்தவர் என் தோளையே பார்த்தார். குனிந்து பார்த்தால், கருப்புச் சட்டை முழுக்கப் பொடுகு உதிர்ந்ததுபோல் வெள்ளைத் தூள். தண்ணீரைத் தடுக்கிற உள்பக்கப் பாலியூரிதேன் பூச்சு உரிந்துகொண்டிருந்தது. தையல் மேல் ஒட்டிய டேப்பும் தோல் உரிவதுபோல் நீளமாகக் கையோடு வந்தது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு காலப்போக்கில் சிதைந்துவிடும். நானோ அதை வருடத்தில் பத்து மாதம் பையிலேயே சுருட்டி, ஓட்டு வீட்டுப் பரண் மேல் வைத்திருந்தேன். தப்பு பாதி என் பேரில்தான். புதிதாக வாங்கியதை ஹேங்கரில் மாட்டி வைக்கிறேன், பயணத்துக்கு முந்தின நாள்தான் மடிப்பது.

பேண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாள் காயாது. கொஞ்சம் இழுவை கலந்த நைலான் பேண்ட் இரண்டு போதும், ஒன்று கருநீலமாக இருந்தால் மீட்டிங்குக்கும் ஆகும். முட்டியில் ஜிப் வைத்துக் கழற்றுகிற பேண்ட்டும் வாங்கினேன். ஐந்து வருடத்தில் கழற்றியது இரண்டு தடவை, அதில் ஒன்று கடையில்.

இத்தனைக்கும் நடுவில், காசுக்குக் காசு அதிகம் உழைத்தது ஈரிழைத் துண்டு. விலை நூற்றுச் சொச்சம். ஆந்திரா வெயிலில் நனைத்துக் கழுத்தில் போட்டேன். லூதியானா காலையில் தலையையும் காதையும் சேர்த்துக் கட்டினேன். லடாக் புழுதியில் மூக்கை மூடினேன். துவைத்த டி-ஷர்ட்டைச் சுருட்டிப் பிழிவதும் அதில்தான். மெல்லிசாக நெய்ததால் மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். மைக்ரோஃபைபர் டவல் என்று ஒன்று தனியாக வாங்கியிருந்தேன். ஈரத்தை உறிஞ்சுவதைவிட உடம்பில் தள்ளிக்கொண்டு போவதுதான் அதிகம். இப்போது அது பைக் துடைக்கிறது.

வருகிற ஜனவரிக்கு மறுபடி லூதியானா. பையில் இருப்பது மெரினோ இரண்டு, அதில் ஒன்று அந்த ஒட்டுப் போட்டது, சட்டை இரண்டு, ஃப்ளீஸ், மழை ஜாக்கெட், பேண்ட் இரண்டு, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, துண்டு, ஒரு நாலு முழ வேட்டி. நேற்று எடை போட்டேன், பையோடு சேர்த்து ஐந்தே முக்கால். மீதி ஒன்றேகால் கிலோவுக்கு அம்மா முறுக்கு சுற்றிக்கொண்டிருக்கிறார், மேலே ஒரு மங்கி கேப்பும் வைத்திருக்கிறார்.