பல் கிளினிக் கணக்கு: 2 வருடம் ஸ்ப்ரெட்ஷீட், 5 வருடம் மென்பொருள்

சொந்தமாகக் கிளினிக் தொடங்கி 7 வருடம் ஆகிறது. வேர் சிகிச்சை செய்யக் கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் பேரேடு எப்படி இருக்கும் என்று சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் 2 வருடம் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஓட்டினேன், அப்புறம் மாதச் சந்தா கட்டும் ஒரு கணக்கு மென்பொருளுக்கு மாறினேன். இரண்டையும் வேண்டிய அளவு திட்டியாயிற்று.

ஸ்ப்ரெட்ஷீட் விட்டுப்போனதற்குக் காரணம் ஒரே ஒரு சுழி. காப்பீட்டு க்ளைம்கள் வரிசையாக நிற்கின்றன, போன் செய்தால் "அப்படி ஒரு எண்ணே இல்லை" என்கிறார்கள். ரிசப்ஷனில் இருந்த பெண்ணைத்தான் தப்பாக அடிக்கிறாள் என்று நினைத்தேன், ஒன்றிரண்டு முறை கடுமையாகவும் பேசிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவளேதான் கண்டுபிடித்தாள்: "டாக்டர், எல்லா நம்பரும் சுழியிலயே முடியுது பாருங்க." அந்த க்ளைம் எண்கள் 16 இலக்கம். எண்ணாக அடித்தால் ஸ்ப்ரெட்ஷீட் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும், 16-வதைச் சத்தமில்லாமல் சுழியாக்கிவிடும். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை (column) எழுத்து வடிவத்துக்கு (text) மாற்றிவைக்க வேண்டும், அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் போனதுதான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மென்பொருளில் எனக்கு உண்மையாகவே உதவுவது பாக்கிப் பட்டியல். வரவேண்டிய பணத்தை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்டும். 90-ஐத் தாண்டியதை வசூலிப்பது பெரும்பாடு, அதனால் 30-ல் இருக்கும்போதே போன் செய்கிறோம். கார்டு வசூல்தான் இன்னும் தலைவலி. பன்னிரண்டு பேர் கட்டியது கட்டணம் பிடித்துக்கொண்டு ஒரே தொகையாக வங்கியில் விழும். அப்படியே வருமானம் என்று ஏற்றிவிட்டால் வருமானமும் குறையும், கட்டணச் செலவும் கண்ணில் படாமல் போகும். முழுத்தொகையை வரவிலும் பிடித்ததைச் செலவிலும் எழுத வேண்டும், இது எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது.

ஆனால் எந்த மென்பொருளும் தடுத்திருக்க முடியாத தப்பை நான் மூன்றாவது வருடம் செய்தேன். பள்ளி விடுமுறை மாதம், எட்டுப் பிள்ளைகளுக்குப் பல்லில் கிளிப் போட்டோம், எட்டுக் குடும்பமும் முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். வங்கியில் அவ்வளவு பணத்தை நான் அதுவரை பார்த்ததில்லை, மறு மாதமே ரொக்கமாகக் கொடுத்து எக்ஸ்ரே இயந்திரம் வாங்கினேன். கிளிப் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஓடும். அந்த எட்டுப் பேரும் மாதாமாதம் வந்து நாற்காலியில் உட்காருகிறார்கள், கம்பி மாற்றுகிறோம், உதவியாளருக்குச் சம்பளம் போகிறது, ஆனால் அவர்களிடமிருந்து வர ஒன்றும் இல்லை. ஆறாவது மாதம் சம்பளம் போட என் சொந்தச் சேமிப்பை உடைத்தேன்.

ஆடிட்டரிடம் புலம்பியபோது சிரித்துவிட்டார். "இது உங்க வருமானமே இல்ல டாக்டர், கடன். பணம் வாங்கிட்டீங்க, வேலை பாக்கி இருக்கு." 1494-ல் வெனிஸில் லூக்கா பாச்சோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவுதான் இன்றைய மென்பொருளுக்குள்ளும் ஓடுகிறது: வந்த பணம் ஒரு பக்கம் வங்கியில் ஏறினால், அது எங்கிருந்து, எதற்காக என்று இன்னொரு பக்கமும் எழுதியாக வேண்டும். அந்த இன்னொரு பக்கத்தில் நான் "வருமானம்" என்று எழுதிக்கொண்டிருந்தேன், "முன்பணம்" என்று எழுதியிருக்க வேண்டும். இயந்திரத்தையும் அதன் ஆயுளுக்குள் முடிகிற கடனில் வாங்கியிருந்தால் கையிருப்பு அன்றாடச் செலவுக்கு நின்றிருக்கும்.

இப்போது முன்பணம் தனி வங்கிக் கணக்குக்குப் போகிறது. சிகிச்சை 24 மாதம் என்றால் மாதம் 24-ல் ஒரு பங்கு நடப்புக் கணக்குக்கு வரும், கிளிப் ஒட்டும் முதல் மாதம் மட்டும் செலவு அதிகம் என்பதால் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஆடிட்டர். வரிக்கு இன்னொரு கணக்கு, வாரா வாரம் வசூலில் ஒரு பங்கு அதற்குள். எனக்கென்று மாதச் சம்பளம், மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துச் செலவழிக்கும் பழக்கம் நின்றது. பணம் வாங்குபவர் ஒருவர், வங்கியோடு ஒத்துப்பார்ப்பவர் வேறொருவர். இது நம்பிக்கையில்லாமல் செய்வது இல்லை, ஒருவர் செய்த பிழை அவர் கண்ணுக்கே படாது என்பதால்தான்.

குறை என்று பார்த்தால் சந்தா ஏறிக்கொண்டே போகிறது. வேறு மென்பொருளுக்கு மாறலாம் என்று தரவை இறக்கிப் பார்த்தேன், வெறும் பட்டியல்தான் வந்தது, கூட இணைத்திருந்த பில் படங்கள் ஒன்றுகூட வரவில்லை. சந்தா கட்டும் முன் இதைச் சோதித்துப் பாருங்கள், நான் சோதிக்கவில்லை.

கேப், அதாவது பல்லுக்கு மேல் மாட்டும் உறை, செய்து தரும் லேபின் பில்லை மட்டும் இன்னும் ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் வைத்திருக்கிறேன். லேபுக்கு மொத்தம் எவ்வளவு போனது என்று மென்பொருள் சொல்லும், எந்த கேப் சரியாக உட்காராமல் திரும்பிப் போனது, ஏன் போனது என்று சொல்லாது. அதற்காக "மறுபடி" என்று ஒரு பத்தி. லேபை மாற்றிவிடுவது என்று முடிவே செய்துவிட்டுத்தான் அதை எழுத ஆரம்பித்தேன். ஆறு மாதம் எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் நான் எடுத்த பல் அளவில்தான் கோளாறு. அளவெடுக்கும் பொருளை மாற்றினேன், இப்போது அந்தப் பத்தியில் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் விழுகிறது.