தூத்துக்குடி டூர் பேக்கேஜ் கட்டுகிறவர்கள் இதைப் படியுங்கள்: என் 18,500 ரூபாய் போய்விட்டது

இன்று காலைதான் முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னை வந்து இறங்கினோம். குளித்துவிட்டு நேராக வங்கிக்குப் போனேன், அங்கும் ஒன்றும் நடக்கவில்லை. வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. தூத்துக்குடியில் என்ன பார்க்கலாம், எப்படிப் போகலாம், யாரிடம் ஏமாறக் கூடாது, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்த ஊர் தூத்துக்குடி. தாத்தா உப்பளத்தில் கணக்கு எழுதினார். அம்மாவுக்கு எட்டு வயதானபோது குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டது. அறுபது வருடமாக "பனிமய மாதா கோயிலையும் உப்பளத்தையும் ஒரு தடவை பாத்துட்டா போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், இந்த வருடம் சீட்டு எடுத்த பணத்தில் பத்தாயிரத்தை என் கையில் கொடுத்து, "இதுல கூட்டிட்டுப் போ" என்றார். அந்த 18,500 ரூபாயில் அம்மாவின் பத்தாயிரமும் அடக்கம். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பேக்கேஜ் விற்றது சமூக வலைதளத்தில் இருக்கும் ஒரு சுற்றுலாப் பக்கம். புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் பெயரை இங்கே போடவில்லை. ஸ்டேஷனிலிருந்து கார், கடல் தெரியும் அறை, படகில் தீவுக்குப் போய் மதியச் சாப்பாடு, முத்துக்குளிப்பதை நேரில் பார்ப்பது, மக்ரூன் செய்யும் இடம், பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், திருச்செந்தூர், மணப்பாடு. இரண்டு நாள், ஆறு பேருக்கு 18,500 ரூபாய். படங்கள் அவ்வளவு அழகு. கீழே "அருமையான பயணம், நன்றி" என்று வரிசையாகப் பாராட்டுகள்.

முதலில் 2,000 ரூபாய்தான் அனுப்பினேன். மீதியை அங்கே போய்க் கொடுக்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். நானும் சரி என்றுதான் இருந்தேன். அன்று சாயங்காலம் அந்தச் சுற்றுலாப் பக்கத்தின் பையன் போன் செய்தான். பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அக்கா, அம்மாவுக்கு எந்தக் கால்ல வலின்னு சொன்னீங்க? படி ஏற முடியுமா?" என்று கேட்டான். நான் வாட்ஸ்அப்பில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி அது. "எங்க அம்மாவுக்கும் ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சுக்கா. நான் தரைத்தள ரூம்தான் போடுவேன். படகுல ஏறுறதுக்குப் பலகை வைக்கச் சொல்லிடறேன்" என்றான். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். அம்மா தெருப் பெயர் எல்லாம் கேட்டார். "கிரேட் காட்டன் ரோடு பக்கம்தாம்மா நாங்களும்" என்றானாம். போனை வைத்துவிட்டு அம்மா சிரித்த சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. "நல்ல பிள்ளை, நம்ம ஊர்ப் பிள்ளை" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து, "அக்கா, தரைத்தளத்துல ஒரே ஒரு ரூம்தான் இருக்காம், ஹோட்டல்காரங்க முழுப் பணம் கேக்கறாங்க" என்று மெசேஜ். உடனே 16,500 ரூபாயை அனுப்பிவிட்டேன். மொத்தம் 18,500. ஹோட்டல் பெயர் போட்ட ரசீது ஒன்று வந்தது, டிரைவர் நம்பரும் வந்தது. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஸ்டேஷனில் இறங்கினால் கார் இல்லை. பையனைக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. டிரைவர் நம்பருக்குப் போட்டேன். அவர் எடுத்தார். "யம்மா, எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே. எவனோ என் நம்பரை எல்லாருக்கும் போட்டுக் குடுக்கான். இந்த மாசம் நீங்க மூணாவது குடும்பம்" என்றார். அங்கேயே எனக்குக் கால் நடுங்கிவிட்டது. அம்மா பிளாட்பாரப் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அந்த டிரைவர் அண்ணாச்சிதான் கால் மணி நேரத்தில் வண்டியோடு வந்தார். நியாயமான வாடகை சொன்னார். ரசீதில் இருந்த ஹோட்டலுக்குப் போனோம். அந்தப் பெயரில் புக்கிங்கே இல்லை, அந்தப் பக்கத்தோடு தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றார்கள். இதே ரசீதோடு இதற்கு முன்பும் ஆட்கள் வந்திருக்கிறார்களாம். வேறு இடத்தில் இரண்டு அறை எடுத்தோம். வண்டி, அறை, சாப்பாடு என்று இன்னொரு 11,000 ரூபாய் கைவிட்டுப் போனது. கட்டிய 18,500 தனி.

தீவு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பயணத் திட்டத்தில் "விலாங்குச்சல்லித் தீவில் மதிய உணவு" என்று போட்டிருந்தான். படகாவது நிஜமாக இருக்குமோ என்ற நப்பாசையில் மீன்பிடித் துறைமுகத்தில் போய்க் கேட்டோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னையே பார்த்தார். "விலாங்குச்சல்லியா? அது தண்ணிக்குள்ள போயி வருசக்கணக்காச்சும்மா. பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்துத் தீவையே இல்லாம ஆக்கிட்டாவ" என்றார். கடலில் மூழ்கிப்போன ஒரு தீவில் சாப்பாடு போடுவதாகச் சொல்லி என்னிடம் பணம் வாங்கியிருக்கிறான்.

மற்ற தீவுகளுக்கும் இப்படிப் போக முடியாது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை இருக்கும் 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. 1986இல் அறிவித்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. முத்துக்குளித்தலும் அறுபதுகளின் தொடக்கத்திலேயே நின்றுபோயிற்று. இப்போது சங்குக்காகத்தான் கடலில் மூழ்குகிறார்கள். "நேரில் முத்துக்குளிப்பு" என்று யார் எழுதினாலும் அது பொய். தூத்துக்குடியில் முயல் தீவு ஒன்றுதான் எல்லோரும் போகிற இடம், அதற்குப் படகே வேண்டாம். துறைமுகம் கட்டியபோது அது கரையோடு சேர்ந்துவிட்டது. காணும் பொங்கலன்று ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வண்டியிலேயே போவார்களாம். இதையெல்லாம் பணம் கட்டும் முன் நான் பத்து நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும்.

ஊர் என்ன பாவம் செய்தது? பனிமய மாதா பேராலயத்தில் அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம்தான். ஆனாலும் சின்ன வயதில் ஆகஸ்ட் 5 திருவிழாவுக்குத் தவறாமல் வந்துவிடுவார்களாம். உள்ளே இருக்கும் மாதா சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்கிறார்கள். மாலை ரோச் பூங்காவில் கடல் காற்று. பிள்ளைகளுக்கு வ.உ.சி.யின் கப்பல் கதையைச் சொன்னேன். 1906இல் வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிராக ஒரு வக்கீல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கிக் கொழும்புக்கு விட்ட ஊர் இது. பெரியவன் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். மக்ரூனை எந்த பேக்கரியிலும் வாங்கலாம். முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, அவ்வளவுதான். அதைப் பார்க்கப் பேக்கேஜ் எதற்கு?

ஞாயிறு காலை அண்ணாச்சி எங்களை உப்பளத்துக்குக் கூட்டிப் போனார். அந்தப் பையனின் பட்டியலில் உப்பளம் இல்லவே இல்லை. போனில் அம்மா அதைத்தான் முதலில் கேட்டிருந்தார், "கண்டிப்பா உண்டும்மா" என்று சொல்லியிருந்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரத்தில் வெள்ளை அம்பாரம். எட்டு மணிக்கே கண் கூசுகிறது. அந்த வெயிலில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாளிடம் அனுமதி கேட்டுவிட்டு, என் அம்மா வரப்பில் மெல்லக் குனிந்து ஒரு பிடி கல்லுப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். எதுவும் பேசவில்லை. இந்த இரண்டு நாளில் எனக்கு அழுகை வந்தது அங்கேதான். 18,500 போனதற்காக ஸ்டேஷனில்கூட நான் அழவில்லை.

அங்கிருந்து திருச்செந்தூர், 40 கிலோமீட்டர். கூட்டம். அம்மாவும் அத்தையும் கடலில் கால் நனைத்து, நாழிக்கிணற்றில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, பன்னீர் இலை விபூதி வாங்கி வந்தார்கள். மணப்பாடு போக நேரம் இல்லை. பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் ஊருக்கு வடக்கே இருக்கின்றன, திருச்செந்தூரும் மணப்பாடும் தெற்கே. நான்கையும் ஒரே மதியத்தில் போட்டிருந்தான். வரைபடத்தைத் திறந்து பார்த்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம்.

இனி அவன் சொன்ன பதில்கள். சனி 8 மணிக்கு, "டிரைவர் வந்துட்டே இருக்கார்க்கா." டிரைவர் அப்போது எங்கள் பக்கத்தில்தான் நிற்கிறார். அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டான். 9:15க்கு, "மேனேஜர் பேசுவார்." மேனேஜர் பேசவில்லை. 11 மணிக்கு, நாங்கள் நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வெளியே வராததால் புக்கிங் ரத்து, பணம் திரும்பக் கிடைக்காது என்று மெசேஜ். நான் கத்தினேன். உடனே "ரீபண்ட் 7 வேலை நாளில்" என்றான். ஞாயிறு மதியம் இன்னும் மோசம்: 18,500இல் வரி போக 14,000 தருவார்களாம், அதற்கு முதலில் 1,500 ரூபாய் பிராசசிங் கட்டணம் அனுப்ப வேண்டுமாம். "அம்மாவோட கால் வலியைக் கேட்டியேப்பா, அந்த அம்மாவோட பணம்டா அது" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். கேட்டிருக்கிறான், நீலக் குறி விழுந்தது. அடுத்த நிமிடம் என்னை பிளாக் செய்துவிட்டான்.

அந்தப் பக்கத்தைப் பற்றி வலைதளத்துக்குப் புகார் கொடுத்தேன். விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. பணம் அனுப்பிய ஆப்பில் கேட்டால், நானே பின் நம்பர் போட்டு அனுப்பியதால் ஒன்றும் செய்ய முடியாதாம். இன்று வங்கியில் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினேன், "பார்க்கலாம்" என்றார்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு நேற்று இரவுதான் கூப்பிட்டேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுப் புகார் எண் கொடுத்தார்கள். ஏன் சனிக்கிழமையே கூப்பிடவில்லை என்று கேட்டார்கள். அவன் சொன்ன ஏழு வேலை நாளை நம்பி ஒன்றரை நாளை வீணாக்கிவிட்டேன்.

எழுதுவதாகச் சொன்னதெல்லாம் நிறைய. நேரம் இல்லை, அவசரமாக இவ்வளவு: முழுப் பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். ரசீது வந்தால் ஹோட்டலின் நம்பரை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டுக் கேளுங்கள், ரசீதில் இருக்கும் நம்பர் வேண்டாம். தீவு, படகு என்றால் வனத்துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். திரும்பத் தருவதற்குப் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே 1930.

இதே "விலாங்குச்சல்லி மதிய உணவு" பட்டியல் உங்களுக்கும் வந்திருந்தால், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள் என்று எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மற்ற இரண்டு குடும்பங்களையும் அண்ணாச்சி மூலம் தேடிக்கொண்டிருக்கிறேன். நாலு மணிக்குக் காவல் நிலையம் போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார்.