கருப்பு உருவமா, சிவப்பு உருவமா?

பண்டைய ஏதென்ஸின் பானை ஓவியத்தில் கரும் உருவம், சிவப்பு உருவம் என்ற இரண்டு பாணிக்கும் மண்ணும் சூளையும் ஒன்றுதான். எதைக் கருப்பாக்குவது என்பதில்தான் வேறுபாடு.

கரும் உருவ முறையில், நுண்ணிய களிமண் குழம்பால் உருவத்தை நிரப்பி, கண், தாடி, துணி மடிப்பை ஊசியால் கீறுவார்கள். சூளையில் காற்றை அடைத்துப் புகையவிட்டால் பானை முழுக்கக் கறுக்கும். அப்புறம் காற்றை உள்ளே விட்டால் குழம்பு பூசாத இடம் மட்டும் மறுபடி சிவக்கும். இதில் உச்சம் எக்செக்கியாஸ் என்ற ஏதென்ஸ் குயவர்-ஓவியர். டிராய் போர்க் கதையின் வீரர்களான அக்கிலீஸும் அயாக்ஸும் குனிந்து பகடை ஆடும் அவருடைய ஜாடி வத்திக்கானில் இருக்கிறது. அந்த மேலங்கிகளின் கீறல் வேலை நகைத் தட்டான் செய்தது போலிருக்கும்.

சுமார் கிமு 520இல் இதைத் தலைகீழாக்கினார்கள். பின்னணி கருப்பு, உருவம் மண்ணின் சிவப்பு நிறம். ஊசி போய்த் தூரிகை வந்தது. திருகிய இடுப்பு, திரும்பிய தோள் எல்லாம் சுலபமாயின. உடலசைவுக்கு இதுவே மேல். அழுத்தமான அலங்காரத்துக்கு என் ஓட்டு பழையதற்குத்தான்.

சில ஜாடிகளில் ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது! புதுப்பாணி வென்ற பிறகும், ஏதென்ஸில் அத்தீனா தேவிக்கு நடந்த பனத்தினேய விழாவின் விளையாட்டுகளில் ஒலிவ எண்ணெய் நிரப்பிக் கொடுத்த பரிசு ஜாடிகள் கரும் உருவத்திலேயே தொடர்ந்தன.