கருவாடு பாக்கெட்டா, மீன் பொரிக்கிற வண்டியா, மெஸ்ஸா? நம்ம கரையில எதுக்கு எவ்ளோ ரூல்ஸ்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டின்னு நம்ம கரையோரத்துல சாப்பாட்டுத் தொழில் தொடங்கணும்னு நினைக்கிறவங்க முக்காவாசிப் பேரு முதல்ல கேக்குறது "லைசென்ஸுக்கு எவ்ளோ ஆகும், யாரப் பாக்கணும்"ங்கிறதுதான். என்னைக் கேட்டா அதைக் கடைசியா கேக்கலாம். உங்களுக்கு நல்ல தண்ணி எங்கருந்து வருது, ஐஸ் எங்க வாங்குவீங்க, நெழல் இருக்கா, இதத்தான் முதல்ல பாக்கணும். பேப்பர் வேலை எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க, தண்ணியும் ஐஸும்தான் தொழிலுக்குத் தொழில் மாறுது, அங்கதான் ரூல்ஸும் கழுத்தைப் பிடிக்கும்.

முதல்ல அந்தப் பேப்பரை முடிச்சிருவோம். 2006-ல வந்த உணவுப் பாதுகாப்பு சட்டம், அதுக்குக் கீழ 2011-ல வந்த லைசென்ஸ், பதிவு விதிகள். அந்த விதியில வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருந்தா பதிவு மட்டும் போதும், வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணம், அதுக்கு மேல போனா மாநில லைசென்ஸ், அது ஆயிரக்கணக்குல வரும்னு வச்சாங்க. இந்த வரம்பும் கட்டணமும் திருத்தத்துக்கு உட்பட்டது, அதனால அப்ளை பண்ற அன்னைக்கு ஃபாஸ்காஸ் தளத்துல (இந்தப் பதிவுக்கும் லைசென்ஸுக்கும் அப்ளை பண்ற அரசு வெப்சைட்) என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. வண்டி வச்சாலும் வீட்ல பண்ணாலும் இந்தப் பதிவு வேணும். "நம்மளுது சின்னது, நமக்கெல்லாம் எதுக்கு"ன்னு சொல்றது செல்லாது. இது போக ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி எது உங்களுதோ அங்க தொழில் உரிமம் தனி.

இன்னொன்னு, விற்பனைன்னா கல்லாவுக்கு வர்ற மொத்தக் காசு, லாபம் கிடையாது. 12 லட்சத்தை நாளாப் பிரிச்சா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 3300 ரூபாய்தான் வருது. மெஸ் போட்டு 100 ரூபாய் சாப்பாடு தெனம் 50 ஓடுச்சுன்னா 300 நாள்ல 15 லட்சம். அதாவது கையில ஒண்ணும் நிக்கலன்னாலும் நீங்க அந்த 12 லட்சக் கோட்டைத் தாண்டிட்டீங்க. மெஸ் போடுறவங்க இந்தக் கணக்கை முதல் நாளே போடணும்னு நான் ஆணித்தரமா சொல்லுவேன்.

இப்ப ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம்.

மீன் பொரிக்கிற வண்டி, இல்லன்னா தனுஷ்கோடி ரோட்டுல ஓலைக் கொட்டகை. பாக்க ரொம்ப ஈஸி, ஒரு சட்டி, அடுப்பு, மசாலா, மீன், டூரிஸ்ட் கூட்டம் தானா வரும், முதல் போட்ட காசு சீக்கிரம் திரும்பும். ஆனா ரூல்ஸ் கண்ணோட பாத்தா மூணுல இதுதான் தெனம் கஷ்டம், ஏன்னா குளிர்ல வைக்கிறது 5 டிகிரிக்கு கீழ இருக்கணும், சூடா வைக்கிறது 60-க்கு மேல இருக்கணும், நடுவுல இருக்கறதுதான் கிருமி பெருகுற சூடு, நம்ம கரையில சித்திரை வெயில்ல மசாலா தடவின மீனைத் தட்டுல அடுக்கி காட்சிக்கு வச்சா அது நாள் பூரா அந்த நடுவுலதான் உக்காந்திருக்கு. மேல காத்து மண்ணை வேற வாரி அடிக்குது.

ஐஸ் பெட்டியைப் பாருங்க. பாதிக் கடையில என்ன நடக்குதுன்னா, ஐஸ் கட்டியைச் சாக்குல சுத்தி தரையில போட்டு கட்டையால உடைக்கிறாங்க, அள்ளி பெட்டியில போடுறாங்க, மத்தியானம் ஆகறதுக்குள்ள அது உருகி ரத்தத் தண்ணியா மாறி மீன் அதுல மிதக்குது, அதே பெட்டியில ஓரமா தண்ணி பாட்டிலும் சொருகி வச்சிருக்காங்க. பாம்பன்ல ஒரு அக்கா பெட்டிக்கு அடியில ஓட்டை போட்டு சின்னக் குழாய் மாட்டி உருகுற தண்ணியை வாளிக்கு விட்டிருக்காங்க, உள்ள ஒரு கம்பித் தட்டு, அது மேல மீன், மீனுக்கு மேலயும் கீழயும் ஐஸ். செலவுன்னு பாத்தா ஒண்ணுமில்ல, ஆனா சாயங்காலம் அந்த மீனோட செவுளைத் தூக்கிப் பாத்தா இன்னும் செகப்பா இருக்கு. ஐஸைக் குடிக்கிற தண்ணியில செஞ்சிருக்கணும்ங்கறதும் ரூல்ஸ்தான், அதனால ஐஸ் கம்பெனிக்காரர்கிட்ட என்ன தண்ணின்னு வாயத் தொறந்து கேளுங்க, தப்பே இல்ல.

இதுல சூரை, அயலை, காரல் எதுவும் ஒண்ணுதானேன்னு நினைச்சிரக் கூடாது. சூரையும் அயலையும் வெயில்ல கெடந்தா உள்ள ஹிஸ்டமைன்னு ஒரு நஞ்சு உண்டாகும், அது எண்ணெயில பொரிச்சாலும் போகாது, சாப்பிட்டவங்களுக்கு மூஞ்சி செவந்து தடிப்பு வந்து தலைவலி எடுக்கும். மீன் நாறாமலே கூட இது இருக்கும். ஐஸ் விஷயத்துல நான் இவ்ளோ நீட்டிப் பேசுறது அதுக்குத்தான்.

அப்புறம் எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயில போலார் காம்பவுண்ட்னு ஒண்ணு சேரும், 2018 ஜூலையில இருந்து அது 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு விதி. அதிகாரிங்க கையில மீட்டர் வச்சிருப்பாங்க, சட்டியில விட்டு அங்கயே பாத்துருவாங்க. கலர் பொடி வேண்டவே வேண்டாம், பொரிச்ச மீனுக்கு செயற்கை நெறம் அனுமதி இல்ல, அதுவும் 2024-ல பஞ்சுமிட்டாய்ல ரோடமின்-பிங்கற துணிச்சாயத்தைப் பிடிச்சு தமிழ்நாட்டுல தடை போட்டதுக்கு அப்புறம் நெறம்னாலே கண்ணு அங்கதான் போகும். நம்ம மண்ணுல வெளையிற முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடே கெடச்சிருக்கு, அதை வாங்கி வறுத்து அரைச்சா வர்ற நெறம் போதாதா? பேப்பர்ல, பிளாஸ்டிக் தாள்ல வச்சுக் குடுக்காதீங்க. பேப்பர் மை உணவுல எறங்கும், பிளாஸ்டிக் தாள் 2019 ஜனவரி 1-ல இருந்தே இங்க தடை. பாக்குமட்டைத் தட்டு, வாழை இலைன்னு போயிருங்க.

மீன்பிடித் தடைக்காலத்தையும் கணக்குல வைங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், மிச்சம் வெளியூர்ல இருந்து பெட்டியில வர்ற சரக்கு. லீவுக் கூட்டமும் அந்த நேரத்துலதான் வந்து நிக்கும். மீன் கெடாம இருக்க ஃபார்மலின் ரசாயனம் போட்டிருப்பாங்களோன்னு பயம் இருந்தா மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கின சோதனைக் கிட் இருக்கு, ஒரு தாளை மீன் மேல ஒத்தி ஒரு சொட்டு விட்டா நெறம் மாறுறதை வச்சே தெரிஞ்சிரும்.

கருவாடு பாக்கெட் இதுக்கு அப்படியே நேர்மாறு. தெனசரி தலைவலி கம்மி, ஐஸ் தொல்லை மீன் வாங்கி உப்புல போடுற வரைக்கும்தான், கூட்டத்துக்காக காத்திருக்க வேண்டாம். ஆனா ரெண்டு எடத்துல மாட்டுவீங்க, ஒண்ணு காயப்போடுற எடம், இன்னொண்ணு லேபிள்.

மணல்ல பரப்பிக் காயப்போடுறது தலைமுறையா நடக்குது, எனக்கும் அந்த வாடை பிடிக்கும்தான், ஆனா பாக்கெட் போட்டு பேரு அச்சடிச்சு விக்கறதா இருந்தா அது ஆகாது. நாய், காக்கா, மண்ணு எல்லாம் அதுல இருக்கு. இடுப்பு ஒசரத்துக்கு கம்பு நட்டு வலை கட்டி அது மேல போடுங்க, மேல இன்னொரு வலை மூடுங்க, கீழயும் காத்து போகும், சீக்கிரமும் காயும். ஈ மொய்க்குதுன்னு பூச்சி மருந்து தெளிக்கிற பழக்கம் சில எடத்துல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அது ஆள் உயிரோட வெளையாடுறது, அதுல பேச்சே கிடையாது. உப்பும் நல்ல உப்பா பாருங்க, வாலிநோக்கத்துலயே அரசு உப்பு நிறுவனம் இருக்கு, அழுக்கு உப்பு போட்டா கருவாடு மேல ரோஸ் கலர்ல படியும், அது உப்புலயே வளர்ற கிருமி, ஒரு தடவ வந்துச்சுன்னா அந்த லாட் முழுக்கப் போச்சு.

லேபிள்தான் நெறைய பேரைத் தடுக்கி விடுது. பொருள் பேரு, சேர்மானம் எடைப்படி அதிகத்துல இருந்து கம்மிக்கு, நிகர எடை, பேட்ச், தயாரிச்ச தேதி, எது வரைக்கும் சாப்பிடலாம்ங்கற தேதி, உங்க பேரும் முழு முகவரியும், 14 இலக்க நம்பரோட எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரை, அசைவ அடையாளம், மீன் இருக்குன்னு ஒவ்வாமை எச்சரிக்கை, இவ்வளவும் வேணும். அசைவத்துக்கு பழைய பழுப்பு வட்டம் இப்ப கிடையாது, 2020 விதியில முக்கோணமா மாத்திட்டாங்க, பழைய டிசைனை காப்பி அடிச்சுக் குடுக்கற பிரஸ் இன்னும் இருக்கு, அச்சடிக்க முன்னாடி பாத்துக்குங்க. தேதியை ரப்பர் ஸ்டாம்ப்ல குத்தி, கருவாட்டு எண்ணெய் பட்டு அது அழிஞ்சு, "தேதியே இல்ல"ன்னு சரக்கு திரும்பி வந்த கதை எங்க தெருவுலயே இருக்கு. உள்ள ஒரு கவர், வெளியில ஒரு கவர், நடுவுல லேபிள் சீட்டு, அப்படிப் போட்டா அழியாது. இதோட எடை அளவு சட்டமும் வரும், எம்ஆர்பி போடணும், தராசுக்கு முத்திரை வேணும், பாக்கெட் போடுறவங்களா பதிவு வேணும், இது தொழிலாளர் துறை வழியா. உணவுப் பாதுகாப்பு நம்பர் வாங்கியாச்சு எல்லாம் முடிஞ்சுச்சுன்னு உக்காந்துராதீங்க.

இதே பாக்கெட் வழியில, கீழக்கரைப் பக்கம் ராத்தாமாருங்க தேங்காப்பால் விட்டு அல்வா மாதிரி கிண்டுற தொதல்ங்கற இனிப்பு இன்னும் ஒரு படி மேல. மீன் இல்ல, ஐஸ் இல்ல, வெயில் வேணாம், நல்ல தண்ணியும் கொஞ்சம்தான் போகும், மணிக்கணக்கா கொதியிலயே கெடக்கறதால கிருமி பயமும் கம்மி. கவனமா இருக்க வேண்டியது தேங்காப்பால், நாளானா எண்ணெய் காறல் எடுக்கும், அதனால எத்தனை நாள் தாங்கும்னு வாய்ல சொல்லாம, நாலு பாக்கெட்டை அலமாரியில வச்சு வாரா வாரம் ஒண்ணைப் பிரிச்சுப் பாத்து, கெடறதுக்கு நல்லா முன்னாடி இருக்கற தேதியைப் போடுங்க. முந்திரி போட்டா அதையும் ஒவ்வாமையில எழுதணும். துபாய், சவுதிக்கு ஆள் வர்றப்ப குடுத்து விடறது வேற, வியாபாரமா ஏத்துமதி பண்ணணும்னா மத்திய லைசென்ஸ், அதுக்கு அவசரப்பட வேணாம்.

மெஸ் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். தண்ணி தண்ணின்னு நான் கத்துறது இங்கதான் முழுசா பொருந்தும். கழுவ, சமைக்க, குடிக்கக் குடுக்க எல்லாத்துக்கும் குடிக்கிற தரத்துல தண்ணி வேணும், நம்ம ஊரு கெணறு முக்காவாசி உப்பு, காவிரிக் கூட்டுக் குடிநீர் வர்ற நாள்ல பிடிச்சு வைக்கணும், இல்ல லாரித் தண்ணி. தொட்டியை மாசா மாசம் கழுவி தேதியை எழுதி ஒட்டுங்க, தண்ணியை லேப்ல குடுத்து ரிப்போர்ட் வாங்கி ஃபைல்ல வைங்க. வேலைக்கு வர்றவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ டாக்டர் சர்டிபிகேட், டைஃபாய்டு ஊசி. பச்சை மீன் வெட்டுற பலகையும் காய் வெட்டுற பலகையும் தனித்தனி. அமாவாசைக் கூட்டத்துல இதெல்லாம் காத்துல பறக்கும்ங்கறதுதான் என் பயம், ஆடி அமாவாசை அன்னைக்கு ராமேஸ்வரத்துல எந்த மெஸ்ஸுலயும் ஆளுக்கு நிக்க நேரம் இருக்காது. ரெண்டு மூணு வருஷம் சமையல் ஓட்டின அனுபவம் இருக்கறவங்க எறங்கட்டும், புதுசா வர்றவங்க வேணாம்.

அப்ப எதுதான்னு கேட்டா, வீட்ல அடுப்படி தனியா இருக்கு, கையில முதல் கம்மின்னா தொதல், கருப்பட்டிப் பலகாரம். வீட்ல படகு இருக்கு, வெளியில நல்ல வெயில் எடமும் இருக்குன்னா கருவாடு, லேபிளுக்கு மட்டும் ஒரு மாசம் ஒதுக்குங்க. நாள் முழுக்க நிக்க ஆள் பலம் இருக்கு, ஐஸ் கம்பெனி பக்கத்துல இருக்குன்னா மீன் வண்டி. ஐஸ் பத்து பதினஞ்சு கிலோமீட்டர் தாண்டி வரணும்னா வண்டி யோசனையை விட்ருங்கன்னு சொல்லுவேன், கூட்டம் எவ்ளோ வந்தாலும்.

எதை எடுத்தாலும் பதிவை நீங்களே போடுங்க. புரோக்கர் ஆயிரக்கணக்குல வாங்கிட்டு கடைசியில உங்க மெயிலுக்குப் பதிலா அவர் மெயிலைப் போட்டு வைக்கிறார், அப்புறம் நோட்டீஸ் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது, புதுப்பிக்கவும் அவர் கால்லதான் விழணும். போட்டோ, அடையாள அட்டை, முகவரி ஆதாரம், இவ்ளோதான் பதிவுக்கு முக்கியமா வேணும். செல்லுலயே முடியும், முடியலன்னா ஒரு இ-சேவை மையம், ஆனா மெயிலும் செல் நம்பரும் உங்களுது. அப்ளை பண்ணி 7 நாளுக்குள்ள அதிகாரி பதிவைக் குடுக்கணும், மறுக்கணும், இல்ல எடத்தைப் பாக்க வர்றோம்னு நோட்டீஸ் குடுக்கணும். பாக்க வர்றதா சொன்னா 30 நாள், அதுக்குள்ள எந்தப் பதிலும் இல்லன்னா தொழிலை ஆரம்பிக்கலாம்னு விதியிலயே இருக்கு. அதனால அப்ளை பண்ணதும் வர்ற நம்பரையும் தேதியையும் பிரிண்ட் எடுத்து வச்சுக்குங்க, யாராவது வந்து கேட்டா காட்ட அதுதான் கையில இருக்கும்.