டி.பி.எம்.டி. மட்டும் பார்க்கும் பேக்கேஜ் நமக்குப் போதாது

தங்கைக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், பெருங்குடலில் புண் வரும் நோய். ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் ரத்தப்போக்கு திரும்ப வந்ததால் நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் அசாதயோபிரின் மாத்திரை ஆரம்பிக்கலாம், ஆனால் அதற்கு முன் டி.பி.எம்.டி., என்.யூ.டி.டி.15 என்ற இரண்டு ஜீன்களுக்கும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதற்காகப் போன தனியார் லேப் பற்றித்தான் இந்த ரிவியூ, பெயர் வேண்டாம்.

கௌண்டரில் இருந்த பெண் எடுத்த எடுப்பிலேயே விலை குறைந்த பேக்கேஜை நீட்டினார். "சார், டி.பி.எம்.டி. போதும், எல்லாரும் இதுதான் எடுப்பாங்க." சீட்டில் என்.யூ.டி.டி.15 என்றும் எழுதியிருக்கிறதே என்றால், "அது ஆப்ஷனல் சார்."

"இல்லம்மா, ரெண்டையும் போடுங்க" என்றேன்.

ஏன் அடம் பிடித்தேன் என்றால், இந்த மாத்திரை சிலருக்கு வெள்ளை அணுக்களை அதலபாதாளத்துக்குத் தள்ளிவிடும், சாதாரணக் காய்ச்சலே ஐ.சி.யூ. வரை கொண்டுபோகும். ஐரோப்பியர்களிடம் இதற்கு முக்கியக் காரணம் டி.பி.எம்.டி. ஜீன். நூற்றில் பத்துப் பேருக்கு அந்த ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது, சுமார் 300 பேரில் ஒருவருக்கு இரண்டுமே பழுது. கிழக்காசியாவில் அந்தப் பழுது ரொம்பக் குறைவு, ஆனால் அணுக்கள் சரிவதோ அங்கேதான் அதிகம். காரணம் பிடிபடாமலே இருந்த இந்தப் புதிருக்கு, 2014ல் கொரியாவின் குரோன் (இதுவும் குடல் அழற்சி நோய்தான்) நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில்தான் என்.யூ.டி.டி.15 ஜீனில் வரும் மாற்றம் என்று விடை கிடைத்தது. அந்த மாற்றம் ஐரோப்பியர்களிடம் அபூர்வம், கிழக்காசியர்களிடமும் நம் தெற்காசியர்களிடமும் சகஜம். அப்படியிருக்க, வெள்ளைக்காரர் கணக்குக்குத் தைத்த பேக்கேஜை இங்கே விற்றுவிட்டு முக்கியமானதை ஆப்ஷனல் என்றால் என்ன அர்த்தம்?

சாம்பிள் எடுத்தது சுத்தமாக, வலிக்காமல், ஒரே குத்தில். ஊதா மூடி போட்ட குழாயில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான், வெறும் வயிறெல்லாம் தேவையில்லை. படிவத்தில் இனம் கேட்கும் கட்டத்தில் காகேசியன், ஆப்பிரிக்கன், ஏஷியன் மூன்றுதான். ஜப்பானியரும் நாமும் ஒரே டிக்!

ரிப்போர்ட் சொன்ன தேதிக்கு வரவில்லை, நானே போன் போட்டு வாங்க வேண்டியதாயிற்று. டி.பி.எம்.டி. நார்மல். என்.யூ.டி.டி.15ல் ஸ்டார் ஒன், ஸ்டார் த்ரீ, அதாவது ஒரு பிரதி பழுது. மலிவான பேக்கேஜ் எடுத்திருந்தால் எல்லாம் நார்மல் என்ற காகிதத்தோடு முழு டோஸில் இறங்கியிருப்போம். இப்போது டாக்டர் டோஸைக் குறைத்து ஆரம்பித்திருக்கிறார். இரண்டு பிரதியும் பழுதென்றால் இந்த மாத்திரையே வேண்டாம், வேறு மருந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். எனக்கும் இதே மாற்றம் இருக்குமா என்றால், ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கே வேறுபடலாமாம். இனம் வாய்ப்பைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது.

குறை இன்னொன்று. ரிப்போர்ட்டோடு வந்த இலவச போன் கவுன்சலிங்கில் பேசியவர் ரிப்போர்ட்டை அப்படியே வாசித்தாரே தவிர, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபுரினால் இதோடு சேர்ந்தால் எவ்வளவு ஆபத்து, அதையாவது கேட்க வேண்டாமா? அப்புறம், ஜீன் நார்மல் என்று வந்தாலும் ரத்த அணு எண்ணிக்கையை விடாமல் பார்க்க வேண்டும். எல்லாச் சரிவுக்கும் இந்த இரண்டு ஜீன்களே காரணம் இல்லை.

டெஸ்டுக்கு ஐந்துக்கு ஐந்து, லேபுக்கு இரண்டரை. போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் பில்லில் என்.யூ.டி.டி.15 என்று இருக்கிறதா பாருங்கள்.