ஸ்னோமொபைல் ஓட்டிகளுக்கான ஒரு நாள் பனிச்சரிவு மீட்புப் பயிற்சி

செப்பனிட்ட தடங்களை விட்டு விலகி மலைச்சரிவுகளில் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் இயந்திர வண்டி) ஓட்டுவோருக்கென்றே நடத்தப்படும் ஒரு நாள் மீட்புப் பயிற்சியில் இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் சேர்ந்தேன். மூன்று குளிர்காலங்களாக டிரான்ஸீவரை (பனியில் புதைந்தவரைக் கண்டறிய, சமிக்ஞை அனுப்பவும் தேடவும் உதவும் கருவி) மார்பில் கட்டிக்கொண்டு போய்வந்தபோதிலும், அதைத் தேடும் நிலைக்கு மாற்றிப் பார்த்தது வீட்டுக் கூடத்தில் மட்டுமே என்பதைப் பயிற்றுநர் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

பனியில் புதைந்தவரை முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரைமணி நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. வெளியிலிருந்து உதவி வருவதற்குள் அந்த நேரம் தீர்ந்துவிடும் என்பதால், உடன் வந்தவர்களே மீட்புப் படை.

457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸீவரை ஓடும் இஞ்சினும், கைப்பேசியும், சூடேற்றும் கையுறையும் குழப்பிவிடும். ஆகவே சமிக்ஞை கிடைத்ததும் இஞ்சினை அணைக்க வேண்டும். அம்புக்குறி என்னை வளைத்து வளைத்து அழைத்துச் சென்றபோது கருவி பழுதோ என்று ஐயுற்றேன். காந்தப்புலத்தின் வடிவமே அதுதான் என்றார் பயிற்றுநர். பிறகு, புதைந்தவர் இருக்கும் இடத்தைக் குத்திப் பார்த்து அறியும் நீண்ட ப்ரோப் கம்பியைப் பனிப்பரப்புக்குச் செங்குத்தாக, 25 செ.மீ. இடைவெளியில், சுருள்வட்டமாகக் குத்திக்கொண்டே போனோம். உறைந்த தரையில் பட்டால் கை அதிர்கிறது. புதைந்த ஆளுக்குப் பதிலாகப் புதைத்து வைத்திருந்த பையில் பட்டபோதோ, மெத்தையில் குத்தியதுபோல் கம்பி மெல்ல எம்பியது. அந்த வேறுபாட்டை எந்தக் காணொளியும் எனக்குக் கற்றுத் தந்ததில்லை.

கட்டணத்துக்கு முழு மதிப்பு கிடைத்தது தோண்டும் பயிற்சியில்தான். ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்த பையைக் கண்டறிய மூன்று நிமிடமும், வெளியே எடுக்க ஒன்பது நிமிடமும் ஆயின. கம்பி நிற்கும் இடத்திலேயே நேர்கீழாகக் கிணறு வெட்டுவதுபோல் தோண்டியதுதான் எங்கள் தவறு. புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் சரிவின் கீழ்ப்புறம் இறங்கி, முன்னால் இருப்பவர் பனியை வெட்டித் தள்ள, பின்னால் இருப்பவர்கள் துடுப்புப் போடுவதுபோல் வாரிவிட, ஆள் மாற்றிக்கொண்டே முன்னேறியபோது நேரம் பாதியாகக் குறைந்தது. இயந்திரம் தள்ளிக் குவித்த கெட்டிப் பனியில் இதைச் செய்யவைத்தது நல்ல ஏற்பாடு. சரிந்து நின்ற பனி சிமெண்டுபோல் இறுகிவிடும். ஒருவருடைய பிளாஸ்டிக் மண்வாரி அங்கேயே பிளந்துபோனது. மண்வாரியையும் கம்பியையும் வண்டியின் பெட்டியில் வைத்திருந்த எங்களில் பாதிப்பேர், வண்டியும் சேர்ந்து அடித்துச் செல்லப்பட்டால் என்னாகும் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை.

குறையும் உண்டு. சரிவைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பகுதியை மதிய உணவுக்குப் பின் இருபதே நிமிடங்களில் ஓட்டிவிட்டார்கள். 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளே பெரும்பாலும் சரிகின்றன என்றார்களே தவிர, பாகையை அளக்கக் கற்றுத்தரவில்லை. ஒரு நேரத்தில் சரிவில் ஒருவரே ஏற வேண்டும், சிக்கிய நண்பருக்கு உதவ இன்னொரு வண்டி மேலே போகக் கூடாது என்பவற்றையும் போகிறபோக்கில் சொன்னார்கள். சரிவில் யார் அதிக உயரத்தில் தடம் பதிப்பது என்ற போட்டியில் ஓட்டிகள் முதலில் மறப்பது இவற்றைத்தான். தவிர, பன்னிரண்டு பேருக்கு ஒரே பயிற்றுநர் என்பதால், இருவர் புதைந்த நிலையில் தேடும் பயிற்சி எனக்கு ஒரே ஒரு முறைதான் வாய்த்தது. சேர நினைப்பவர்கள் பணம் கட்டுமுன், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்பதைக் கேட்டுக்கொள்ளவும்.