வேகவைத்த ஆப்பிளுக்கு எந்தப் பட்டை? சிலோன் சுருளும் மளிகைக்கடைப் பட்டையும்

பிரியாணியிலும் குருமாவிலும் எந்தப் பட்டையைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இஞ்சி, பூண்டு, வெங்காயம், மிளகாய் எல்லாம் சேர்ந்து அதை அமுக்கிவிடும். பட்டையின் குணம் முழுசாக வெளியே வருவது ஆப்பிளை நாட்டுச்சர்க்கரை போட்டு வேகவைக்கும்போதுதான். ஆப்பிள், கொஞ்சம் இனிப்பு, நெய், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு. இவ்வளவுதான் உள்ளே போகிறது. பட்டை சரியில்லை என்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதனால் இந்த ஒரு பண்டத்தை வைத்தே கடையில் கிடைக்கும் இரண்டு வகைப் பட்டைகளையும் பார்த்துவிடலாம்.

மளிகைக்கடையில் ‘பட்டை’ என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது கேசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாடுகளின் மரங்களிலிருந்து உரித்தது. கெட்டியாக, செம்பழுப்பாக, மரச்செதில் போல இருக்கும். விரலால் ஒடிப்பது கஷ்டம். ‘சிலோன் பட்டை’, ‘சுருள் பட்டை’ என்று தனியாகக் கேட்டால் வருவது இலங்கையின் கறுவா. காலி, மாத்தறைப் பக்கம் விளைவது. மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பித்தளைக் கம்பியால் தேய்த்து, உள்பட்டையை மட்டும் மெல்லிய தாளாக உரித்து, ஒன்றுக்குள் ஒன்று வைத்துச் சுருட்டி, நிழலில் காயவைப்பார்கள். அத்தனையும் கைவேலை. விலை கேசியாவைப்போல இரண்டு மூன்று மடங்கு இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

வாங்கும்போது சுருண்டிருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். இந்தோனேசியக் கேசியாவும் இரண்டு பக்கமும் அழகாகச் சுருண்டு, ‘சுருள் பட்டை’ என்ற பெயரிலேயே விற்பனைக்கு வருகிறது. குச்சியின் முனையைத் திருப்பிப் பாருங்கள். ஒரே கெட்டித் தோல் சுருண்டு, நடுவில் ஓட்டை இருந்தால் கேசியா. தாள்தாளாகப் பல அடுக்குகள் நெருக்கமாக அடைத்திருந்தால் சிலோன். அழுத்தினால் அது பொரபொரவென்று நொறுங்கும். தூளாக வாங்கினால் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. ஆகவே குச்சியாகத்தான் வாங்க வேண்டும்.

சிலோன் பட்டையிலும் தரம் உண்டு. சுருளின் குறுக்களவுதான் கணக்கு. பென்சிலைவிட மெல்லிசாக, 6 மில்லிமீட்டருக்குள் இருப்பது ஆல்பா, விலை உச்சம். அடுத்து சி5, சி4 என்று கான்டினென்டல் வகைகள், பிறகு மெக்சிகன், கடைசியில் தடித்த ஹாம்பர்க். ஆப்பிள் வேகவைக்க ஆல்பா தேவையே இல்லை, அது கண்ணுக்கு அழகு. சி5, சி4 தாராளமாகப் போதும். அதைவிடச் சிக்கனமானது உடைசல். முழுச் சுருளை வெட்டும்போது ஒடிந்து விழும் துண்டுகளைத் தனியாக விற்கிறார்கள். அதே பட்டை, அதே வாசனை, விலை குறைவு. பொட்டலத்தில் ‘ஐரோப்பிய ஒன்றியப் புவிசார் குறியீடு’ என்று போட்டிருந்தால், அது 2022-இல் இலங்கைக் கறுவாவுக்குக் கிடைத்த அங்கீகாரம்.

வாசனைக்கு வருவோம். இரண்டிலும் முக்கியமான எண்ணெய்ச்சத்து சின்னமால்டிஹைடு. கேசியாவில் கிட்டத்தட்ட அதுமட்டும்தான்; அதனால் நேரடியாக, காரமாக நாக்கில் ஏறும், கடைசியில் லேசாகத் துவர்க்கும். சிலோன் பட்டையில் கிராம்பிலுள்ள யூஜினாலும், பூவாசனை தரும் லினலூலும் கலந்திருக்கின்றன. காரம் குறைவு, வாசனை மென்மை. ஆப்பிளின் புளிப்பும் மணமும் அடிபடாமல் மேலே நிற்கும். அப்படியானால் எப்போதும் சிலோன்தானா என்றால், இல்லை. இனிப்புக்கு எதைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை என்றால் சிலோன். கருப்பட்டி போடுவதாக இருந்தால் கேசியாதான் சரி. கருப்பட்டியின் கனத்த வாசனையில் சிலோன் பட்டை காணாமலே போய்விடும். அதற்குக் கொடுத்த காசு வீண்.

இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் நிறையச் சாப்பிட்டால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். சிலோன் பட்டையில் அது மிகமிகக் குறைவு. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு. அதைக் கேசியாத் தூளாகக் கணக்கிட்டு, 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 கிராம், 15 கிலோ குழந்தைக்கு அரை கிராம் என்கிறது ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம். குச்சியைப் போட்டு எடுத்துவிடும்போது அதில் ஒரு பகுதிதான் பண்டத்தில் இறங்கும். மாதத்துக்கு நான்கு தடவை செய்பவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேகவைத்த ஆப்பிள் பெரும்பாலும் கைக்குழந்தைக்கும், வாய் கசந்து கிடக்கும் வயதானவர்களுக்கும் தினப்படி கொடுக்கிற பண்டம். அந்த வீடுகளில் சிலோன் பட்டையே வாங்குங்கள். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு என்றால் சர்க்கரையும் உப்பும் வேண்டாம்.

இனி செய்முறை, நான்கு பேருக்கு. ஆப்பிள் நான்கு, சுமார் 700 கிராம். தோல் சீவி, விதைப் பகுதியை எடுத்துவிட்டு, 2 சென்டிமீட்டர் துண்டுகளாக ஒரே அளவில் வெட்டுங்கள். அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் 2 டீஸ்பூன் நெய் விட்டு, உருகியதும் 7 சென்டிமீட்டர் நீளச் சிலோன் சுருள் ஒன்று, கிராம்பு 2 போடுங்கள். தீ சிறியதாகவே இருக்கட்டும். இருபது வினாடி போதும், வாசனை வந்தவுடன் ஆப்பிளைக் கொட்டிவிட வேண்டும். தாள்போன்ற பட்டை என்பதால் அரை நிமிடம் தாண்டினால் ஓரம் கருகி, அந்தக் கசப்பு நெய்யோடு எல்லாத் துண்டிலும் ஏறிவிடும். ஒரு புரட்டு புரட்டி, 120 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மூடிவையுங்கள். மிதமான தீயில் 8 நிமிடம். கத்தி முனை லேசாக இறங்கினால் நாட்டுச்சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன், சுக்குப்பொடி கால் டீஸ்பூன் போட்டு, மூடியைத் திறந்து வைத்து 3, 4 நிமிடம் கொதிக்கவிடுங்கள். சாறு தேன் பதத்துக்கு வந்து கரண்டியின் பின்புறம் ஒட்டும். இறக்கிய பிறகு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. ஐந்து நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பாகச் சாப்பிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க வாயில் வைத்தால் பட்டையின் மென்மை தெரியாது.

கேசியா என்றால் கணக்கு மாறும். நீளத்தில் பாதி, 3 சென்டிமீட்டர் துண்டு போதும். நெய்யில் ஒரு நிமிடம் தாங்கும். ஆனால் கெட்டித் தோலிலிருந்து வாசனை மெதுவாகத்தான் இறங்கும். அதனால் தண்ணீரை 150 மில்லியாகக் கூட்டி, பட்டையை மட்டும் மூடிபோட்டு 8 நிமிடம் கொதிக்கவைத்த பிறகே ஆப்பிளைப் போடுங்கள். இனிப்பு போடும் நேரத்தில் பட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டுவைத்தால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். கருப்பட்டி என்றால் முன்னதாகவே கரைத்து வடிகட்டி, அந்தப் பாகை 60 மில்லி ஊற்றினால் மணல் வராது.

பலருக்கும் தவறுவது சர்க்கரை போடும் நேரம்தான். முதலிலேயே போட்டால் துண்டுகள் விறைத்துக்கொண்டு நடுவில் வேகாமல் நிற்கும். புளிப்பும் அதையே செய்யும். அதனால்தான் இரண்டும் கடைசியில். குழைந்து கூழாக வேண்டாம், துண்டு முழுசாக இருக்க வேண்டும் என்பவர்கள் இதையே சாதகமாக்கிக்கொண்டு பாதி வெந்ததும் சர்க்கரை போடலாம். இரும்புக் கடாய் வேண்டாம். ஆப்பிள் கறுத்து, உலோக ருசி வந்துவிடும். குக்கரும் வேண்டாம், ஒரு விசிலிலேயே சில ரகங்கள் கரைந்துவிடும். குச்சிக்குப் பதிலாகப் பட்டைத்தூளைக் கொதிக்கும் சாற்றில் போடுபவர்கள், கொழகொழவென்று ஒரு வழுவழுப்பு வருவதைப் பார்த்திருப்பார்கள். அது கலப்படம் இல்லை. பட்டையில் இயல்பாகவே உள்ள பசைச்சத்து சூட்டில் தண்ணீரை இழுத்து உப்புவதால் வருவது. தூள்தான் இருக்கிறது என்றால், அடுப்பை அணைத்த பிறகு கால் டீஸ்பூனைச் சர்க்கரையோடு கலந்து மேலே தூவுங்கள்.

ஆப்பிள் ரகமும் முக்கியம். குளிர்கிடங்கில் பல மாதம் இருந்து மாவாகிப்போன டெலிசியஸ் ரகம் 6 நிமிடத்திலேயே குழையும். குழந்தைக்கு மசித்துக் கொடுக்க நல்லது, கிண்ணத்தில் பரிமாற அழகாக இராது. கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் புளிப்பு மிகுந்தது. அதற்கு எலுமிச்சையை விட்டுவிட்டு, சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள். ஃபியூஜி, காலா இரண்டும் துண்டு நிற்கும், சமைக்கவும் சுலபம். ஊட்டி, கொடைக்கானல் நாட்டுப் பேரிக்காய் வரும் காலத்தில் அதைவிட்டு ஆப்பிளுக்குப் போக வேண்டியதில்லை. பல்லால் கடிக்கவே கஷ்டமான காய்தான், ஆனால் 25 நிமிடம் சிறுதீயில் வெந்தால் கண்ணாடிபோல ஆகி, சிலோன் பட்டையை அப்படியே வாங்கிக்கொள்ளும். தண்ணீர் 250 மில்லி வையுங்கள். பட்டையைப் பாதி நேரத்துக்குப் பிறகு போட்டால் போதும்.

50 கிராம் சிலோன் பட்டை இந்த அளவில் பல தடவைக்கு வரும் என்பதால், கிலோ விலையைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில், அடுப்புச் சூடு படாத அலமாரியில் வைத்தால் ஒரு வருடம் வாசனை நிற்கும். பழைய குச்சியை ஒடித்து முகர்ந்தும் மணம் வரவில்லை என்றால் இரண்டு குச்சி போட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள், துவர்ப்புதான் இரட்டிப்பாகும். பிரியாணி, கரம் மசாலாவுக்குக் கேசியாவையே தனிப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். செய்த ஆப்பிள் மிஞ்சினால் பட்டையையும் கிராம்பையும் பொறுக்கி எடுத்துவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். திரும்பச் சூடாக்கும்போது ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்தால் பாகு அடிப்பிடிக்காது.